அழுகைத் தட்டு

"நல்ல காதல் கதையா ஒண்ணு குடுங்கக்கா" என்று கேட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மருந்துக் கடையில் போய் நின்று, "நல்ல மாத்திரையா ஒண்ணு குடுங்க" என்று யாராவது கேட்பார்களா? தலைவலியா வயிற்றுவலியா என்று சொன்னால்தானே கொடுக்க முடியும். கதையும் அப்படித்தான். அதனால் நான் திருப்பிக் கேட்பேன்: "கடைசியா எந்தக் கதையப் பாதியில கீழ வச்சிய? ஏன் வச்சிய?" பிடித்ததைச் சொல்லச் சொன்னால் ஆட்கள் கௌரவத்துக்காக எதையாவது சொல்வார்கள். பிடிக்காததைச் சொல்லும்போது உண்மை தானாக வந்து விழும்.

கோவில்பட்டியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை. முன்பக்கம் ஜெராக்ஸ் மெஷின், பின்பக்கம் வாடகைக்குக் கொடுக்கிற நாவல்கள். சோறு போடுவது ஜெராக்ஸ்தான். நாவலால் வருவது கரண்டு பில்லுக்குக் காணும். சில மாதம் அதற்கும் காணாது. எல்லாம் செல்போனில் வந்துவிட்ட காலத்தில் இதை ஏன் கட்டி அழுகிறாய் என்று என் தம்பி வருஷத்துக்கு ஒருமுறை கேட்பான். செல்போனில் படிக்கிறவர்களும் என்னிடம்தான் வந்து எதைப் படிக்கலாம் என்று கேட்கிறார்கள் என்பதை அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

என் அலமாரியில் எழுதியவர் பெயர் வரிசை கிடையாது. ருசி வரிசைதான். மேல் தட்டு, கோபக்காரன் தட்டு. அதில் உள்ள கதாநாயகர்கள் எல்லாரும் பணக்காரர்கள், முன்கோபிகள், புருவத்தை நெரித்துக்கொண்டே காரை விட்டு இறங்குகிறவர்கள். இவர்களில் ஒருவனை நிஜத்தில் கட்டினால் ஒரு வாரம் தாங்காது. ஆனால் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிற பெண்ணுக்கு அவன்தான் வேண்டும். ஏன் என்று கேட்டேன். "எங்க மொதலாளியும் நாள் முழுக்கக் கத்தத்தான் செய்யுதாரு. ஆனா மன்னிப்புக் கேக்க மாட்டாரு. இவன் கடைசி அத்தியாயத்துல கேப்பாம்லா" என்றாள். நியாயம்தானே.

இரண்டாவது தட்டு, கல்யாணத்துக்குப் பிறகு காதல் வருகிற கதைகள். நிச்சயம் ஆன பெண்கள் வந்து நின்றால் நான் கேள்வி கேட்பதே இல்லை, கை அங்கேதான் போகும். மூன்றாவது, கல்லூரிக் காதல். அதற்கு என் நிரந்தர வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். "வீட்டம்மா கேட்டா" என்று சொல்லித்தான் எடுப்பார். ஒருநாள் அந்த வீட்டம்மாவே ஆதார் நகல் எடுக்க வந்தபோது, கதை எப்படி இருந்தது என்று கேட்டேன். "நான் எங்கம்மா படிக்கேன், எனக்கு டிவி பாக்கவே நேரம் பத்தல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் பாய் வீட்டு அம்மாவுக்குக் கொலை வேண்டும், போலீஸ் வேண்டும். "காதல் ஊறுகா மாதிரி ஓரமா இருந்தாப் போதும்" என்பார்கள். அவர்களுக்கென்று தனியாக ஒரு அரைத் தட்டு ஒதுக்கியிருக்கிறேன்.

எல்லாத் தட்டுக்காரர்களும் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "முடிவு நல்லாருக்குமாக்கா?" வானம் பார்த்து விதைக்கிற ஊர்க்காரர்கள். விதைத்த காட்டில் முடிவு என்ன ஆகும் என்று தெரியாமல்தான் வருஷா வருஷம் இறங்குகிறார்கள். கதையிலாவது தெரிந்துகொண்டு இறங்கலாம் என்று நினைக்கிறார்கள் போல. நான் உள்ளதைச் சொல்லிவிடுவேன். ஏனென்றால் நான் படிக்காத புத்தகம் என் கடையில் கிடையாது. ஒன்றைப் படித்து முடிக்காமல் தட்டில் ஏற்றியதே இல்லை. எனக்கு இருந்த ஒரே கர்வம் அது.

அடித் தட்டுதான் அழுகைத் தட்டு. அதில் முடிவு எதுவும் நல்லா இருக்காது. ஒருவன் எல்லையில் செத்துப்போவான், ஒருத்திக்கு வைத்தியமில்லாத வியாதி வரும், ரயில் ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்பிவிடும். குனிந்து உட்கார்ந்து எடுக்க வேண்டிய தட்டு. அதிகம் பேர் குனிவதில்லை.

ஒருத்தி மட்டும் வாரம் தவறாமல் குனிந்தாள். மெயின் ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த பெண். விளாத்திகுளம் ரோட்டில் உள்ள ஒரு ஊரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயந்திர பஸ்ஸில் போவாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதியை என் கடையில்தான் கழிப்பாள். முதல் தடவை வந்தபோது நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன், எதைப் பாதியில் வைத்தாய் என்று. "எதையும் வைக்கலக்கா. அழுகைக் கதையா ஒண்ணு குடுங்க" என்றாள். முடிவு எப்படி என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னொன்றும் இருந்தது. வாடகைப் புத்தகம் படிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படித்ததையே மறுபடி எடுத்து ஏமாறக் கூடாது என்று, ஏதாவது ஒரு பக்கத்தில் ஆளுக்கொரு அடையாளம் வைப்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண் ஒரு நட்சத்திரம் போடுவாள். தலைமையாசிரியர் பென்சிலால் மெல்லிய கோடு. பாய் வீட்டம்மா முனையை மடிப்பார்கள், நான் சண்டை போடுவேன். இவள் எந்த அடையாளமும் வைக்க மாட்டாள். ஏற்கெனவே கொண்டுபோனதையே கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு போவாள். ஞாபகமறதி என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் திருப்பித் தருகிற புத்தகத்தில் வத்தல் நெடி அடிக்கும். அந்தப் பக்கம் எல்லாரும் மிளகாய் போடுகிறவர்கள். வீட்டில் வத்தல் மூடை அடுக்கிய அறையில்தான் உட்கார்ந்து படிப்பேன் என்று சொல்லியிருந்தாள். புத்தகத்தைத் திறந்தால் எனக்கு நான்கு தும்மல் வரும், கண்ணில் தண்ணீர் வரும். "ஏட்டி, நீ அழுதது கதைக்கா, வத்தலுக்கா?" என்று கேலி செய்வேன். "ரெண்டுக்கும்தான்க்கா" என்று சிரிப்பாள். சிரிக்கும்போது அழகாக இருப்பாள். அவளுக்கென்றே இருப்பதிலேயே கண்ணீர் அதிகமுள்ள கதைகளைத் தேடி எடுத்துவைப்பேன். "எப்படிட்டி இருந்துச்சு?" என்றால், "நல்லா அழுதேன்க்கா" என்பாள். கைப்பக்குவம் உள்ள ஒருத்தி சமையல் செய்துவிட்டு, சாப்பிடுகிறவர் இலையை வழித்து நக்குவதைப் பார்ப்பாளே, அந்தச் சந்தோஷம் எனக்கு இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

மாத நாவல்கள் ஒல்லிக் குச்சியாக வரும். அப்படியே விட்டால் நாலு கை மாறுவதற்குள் கிழிந்துவிடும். மூன்று மூன்றாகச் சேர்த்துக் கனத்த அட்டை போட்டுத் தைத்துத் தருவார் பைண்டிங் அண்ணாச்சி. எந்தக் கட்டு எந்தத் தட்டுக்கு என்று நான் சீட்டு எழுதிக் கொடுப்பேன். அவர் அதை முதுகில் ஒட்டித் தருவார். ஒரு தடவை அவர் மகள் கல்யாண வேலையில் இருந்தார். ஒரு சிரிப்புக் கதைக் கட்டின் முதுகில் அழுகைச் சீட்டை ஒட்டிவிட்டார். நான் தைக்கக் கொடுப்பதற்கு முன்னால்தான் படிப்பேன், வந்தபிறகு பிரித்துப் பார்ப்பதில்லை. சீட்டைப் பார்த்து அடித் தட்டில் செருகினேன். அதைத்தான் அந்த வாரம் துணிக்கடைப் பெண் கொண்டுபோனாள்.

அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுத்தாள். "எப்படி?" என்றேன். "ரொம்ப அழுதுட்டேன்க்கா இந்தத் தடவை" என்றாள். கண்கூடச் சிவந்துதான் இருந்தது. அப்போது கடையில் ஒரு கல்லூரிப் பெண் நின்றுகொண்டிருந்தாள். யாரோ ஒரு பையன் கைவிட்டுப் போனதில், ஒரு வாரமாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தவள். "அப்ப அதையே எனக்குக் குடுங்க" என்று கையிலிருந்து பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

நாலைந்து நாள் கழித்து, மதிய நேரம். துணிக்கடைப் பெண் அடித் தட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புத்தகம் தேடிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் தினசரியைப் புரட்டிக்கொண்டிருந்தார். கல்லூரிப் பெண் சந்தில் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? அழணும்னு கதவச் சாத்திக்கிட்டு உக்காந்தா, சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு. மாப்பிள்ளை வீடு மாறிப்போயி பொண்ணு பாக்க உக்காருதான், அங்கன வளைகாப்பு நடக்கு. அவனுக்கும் சேத்து வளையல் போட்டு விடுதாங்க!"

நான் புத்தகத்தை வாங்கிப் பிரித்தேன். அவள் சொன்ன கதைதான். சீட்டு மாறியது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் கல்லூரிப் பெண் கீழே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டாள்.

"ஏக்கா, இதுக்கா நீங்க ரொம்ப அழுதீங்க?"

அந்தப் பிள்ளை கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பல நாள் கழித்துச் சிரித்த சந்தோஷத்தில் கேட்டது. தலைமையாசிரியரும் சிரித்துவிட்டார். துணிக்கடைப் பெண் எழுந்து நின்றாள். அவள் பார்த்தது என்னைத்தான். முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அந்த முகம் கேட்டது.

மெஷின் ரிப்பேராகிக் கிடக்கும்போது, "இந்தா இப்ப வந்துரும், உக்காருங்க" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் கூசாமல் சொல்கிறவள் நான். "அது வேற கட்டு, இவ கொண்டுபோனது வேற" என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை. நானும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கையிலிருந்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே செருகினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பஸ் சாயந்திரம்தான்.

பிறகு அவள் வரவில்லை. ஒருநாள் நானே துணிக்கடைக்குப் போய், தேவையில்லாமல் ஒரு ரவிக்கைத் துணி கேட்டேன். கிழித்து மடித்துப் பையில் போட்டுத் தந்தாள். "கதை எதுவும் வேண்டாமாட்டி?" என்றேன். "நேரம் இல்லக்கா" என்றாள். பக்கத்தில் இன்னொரு ஆள் வந்து நின்றதால் நான் திரும்பிவிட்டேன். சீட்டு மாறிப்போனதற்குப் பைண்டிங் அண்ணாச்சியிடம் சண்டை போட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "விடுங்கம்மா, ஒரு பிள்ளை சிரிச்சுச்சுல்லா" என்றார். யார் அழுதார்கள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

மாசி மாதம், வத்தல் சந்தைக்கு வருகிற சமயம். மதியம் ஒரு ஆள் கடைக்கு வெளியே வெகுநேரம் நின்றார். முப்பது வயது இருக்கும். சட்டையெல்லாம் சிவப்புத் தூசி. உள்ளே வந்ததும் எனக்குத் தும்மல் வந்தது. அந்தத் தும்மலிலேயே எனக்குச் சந்தேகம்.

"கமிசன் கடைக்கு லோடு கொண்டுவந்தேன்க்கா. எங்க வீட்டுல இங்கனதான் பொஸ்தகம் எடுப்பா. துணிக்கடையில வேலை பாக்கா" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"அவ ஏன்க்கா இப்ப எடுக்க மாட்டேங்கா?"

தெரியலையே தம்பி என்றேன். அவர் மெஷினையே பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவு பேச வேண்டும் என்று நினைத்து வந்தவர் மாதிரித் தெரியவில்லை.

"எங்களுக்கு ஒரு பொம்பளப் பிள்ளை பொறந்துச்சுக்கா, போன வருசத்துக்கு முந்தின வருசம். மூச்சு இல்ல. அந்தச் சமயம் தம்பி பொண்டாட்டி மாசமா இருந்தா. ஒரே வீடு. அவ முன்னால யாரும் அழக்கூடாதுன்னுட்டாவ எங்கம்மா. அவியளக் குத்தம் சொல்ல முடியாது, அவிய பயம் அவியளுக்கு. இவ எங்க போயி அழுவா? அப்பதான் பொஸ்தகம் கொண்டுவர ஆரம்பிச்சா. பொஸ்தகத்த விரிச்சு வச்சிக்கிட்டு அழுதா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. 'கிறுக்கி, கதைக்கு அழுதா பாரு'ன்னு அம்மா சிரிப்பாவ."

நான் பக்கத்தில் கிடந்த பேப்பர் கட்டைச் சும்மா தட்டி அடுக்கினேன்.

"வத்தல் மூடை கிடக்க ரூம்புல உக்காந்து படிப்பா. நானும் போயி உக்காருவேன். எனக்கு மட்டும் போறதுக்கு வேற இடம் எங்க இருக்கு? என்ன கதைன்னு கேப்பேன், சொல்லுவா. முதல்ல ஒருத்தன், ஒருத்தி, கல்யாணம்னு வரும். பெறகு ஒரு பொம்பளப் பிள்ளை வரும். அது குப்புற விழுந்துச்சு. பல்லு முளைச்சுது. செவுத்தப் பிடிச்சு நடந்துச்சு. ரெண்டு பேரும் கண்ணத் துடைச்சுக்கிட்டே பேசுவோம். வாரம் வாரம் அட்டை மாறுது, கதை மட்டும் அதே பிள்ளை கதைதான் ஓடுது. ஒருநா அவ அடுப்படிக்குப் போனப்ப நான் புரட்டிப் பாத்தேன்க்கா. அதுல பிள்ளையே கிடையாது."

"அவகிட்ட சொன்னீங்களா தம்பி?"

"ஐயோ, எப்படிக்கா சொல்லுவேன்?" என்றார். "கடைசியா ஒரு பொஸ்தகம் கொண்டுவந்தா பாருங்க, அதுல பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறாங்க. யூனிபாரம் எடுத்தாச்சு. கலரு கூடச் சொன்னா, நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. கொஞ்சம் பெரிசாத்தான் எடுத்திருக்காங்களாம், வளருத பிள்ளை இல்லையா. அன்னைக்கு ரெண்டு பேரும் ரொம்ப அழுதுட்டோம். மிச்சத்த அடுத்த பொஸ்தகத்துல படிச்சிச் சொல்லுதேன்னா. பெறகு கொண்டுவரவே இல்ல. கேட்டா, கதை அவ்வளவுதான்ங்கா. இப்ப அழவும் மாட்டேங்கா, பேசவும் மாட்டேங்கா. சாப்பிடுதா, வேலைக்கு வாரா, போறா."

மெஷினிலிருந்து என் பக்கம் திரும்பி, "பிள்ளை பள்ளிக்கூடம் போச்சா இல்லையான்னு தெரியாம எனக்கு இருப்புக் கொள்ளலக்கா. நீங்க ஒரு பொஸ்தகம் எடுத்துக் குடுத்தா, கடைக்கார அக்கா குடுத்துவிட்டாங்கன்னு சொல்லிக் குடுத்திருவேன்" என்றார்.

யார் யாருக்கு என்ன ருசி என்று விரல் நுனியில் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஒரு பெண் வாரா வாரம் என் காலடியில் குனிந்து உட்கார்ந்து, என் புத்தகங்களின் மறைவில் ஒரு பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளுக்குச் செத்துப்போகிற சிப்பாய்களைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும். எனக்கு அழுகை வந்தது. வத்தல் தூசி வசதியாக இருந்தது, துடைத்துக்கொண்டேன்.

அடித் தட்டில் குனிந்து தேடினேன். ஆனால் என் கை வேறு இடத்துக்குப் போனது. அவள் கடைசியாகக் கொண்டுபோய் அழுத சிரிப்புக் கதைக் கட்டை நான் இன்னும் சீட்டு மாற்றாமல் மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். அதையே எடுத்துக் கொடுத்தேன். "இதுல மிச்சம் இருக்குன்னு சொல்லுங்க. நான் அன்னைக்கே இதச் சொல்லியிருக்கணும்னு சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன். அவருக்கு அது விளங்கியதோ இல்லையோ, சரிக்கா என்றார். சட்டையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். அட்டையைத் தடவிப் பார்த்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"முடிவு நல்லாருக்குமாக்கா?"

"இது ஒண்ணை மட்டும் நான் படிக்கல தம்பி" என்றேன்.

இப்போது பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலையில் கடை திறப்பதற்கு முன்பே ஆட்கள் நிற்கிறார்கள். புதிதாகச் சேர்க்கிற பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்தான் ஜூன் மாதம் முழுக்க ஓடும். பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறார்கள், அது மெஷினின் வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை என்றால் நான் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிடுகிறேன். பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளுக்குமே பெரிய அளவாகத்தான் எடுத்திருக்கிறார்கள்.

அந்தப் புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. நான் கேட்டு அனுப்பவும் இல்லை.